துறையடியில் சொன்ன சொல்

அத்தியாயம் ஒன்பது

பெருநாள் காலையில் வட்டிலப்பச் சட்டியோடு மாமா வீட்டுக்குப் போன மைமூனா, குசினி வாசலோடு திரும்பி வந்தாள்.

போகாதே என்று யாரும் தடுக்கவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. மாமி ஆமினா உம்மாதான் சட்டியை வாங்கி வைத்தார். "பெருநாளும் அதுவுமா வந்திருக்கிறாய், இரி மகள்" என்று பலகையைத் தட்டிப் போட்டார். உள்ளறையில் மாமா பெட்டி அடுக்கும் சத்தம் கேட்டது. சலாம் சொன்னால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது என்று நம்பி அவள் இரண்டு தரம் சலாம் சொன்னாள். பதில் வந்தது. ஆள் வரவில்லை.

மாமா என்றால் உம்மாவின் கூடப்பிறந்தவர், ஸெய்னுதீன் ஹாஜியார். வாப்பா மௌத்தான பிறகு அவளைத் தோளில் சுமந்து வளர்த்தவர். துறையடி வீதியில் கல்வீடு கட்டி அதை அவள் பெயரில் சீதனமாக எழுதியவர். பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்த ஸுஹைரைத் தேடிப் பிடித்து அவளுக்குக் கட்டிவைத்தவரும் அவரேதான். அந்த ஸுஹைர்தான் இந்த அறுபதாம் ஆண்டுத் தேர்தலில் அவரை எதிர்த்துச் சுயேச்சையாக நின்று, இரண்டு பாராளுமன்றம் கண்ட மனுஷனை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மாமா போட்ட கூரைக்குக் கீழே இருந்துகொண்டே மாமாவின் பாராளுமன்றக் கதிரையைப் பறித்தான் என்று கிண்ணியா முழுக்கக் கதை. கதையில் பொய் இல்லை. அதுதான் மைமூனாவுக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

"அவர் இண்டைக்குப் பின்னேரம் கொழும்புக்குப் போறார்" என்று மாமி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எம்.பி.மாருக்குக் குடுத்த அறையை ஒழிச்சுக் குடுக்கணுமாம். பெருநாள் கழியட்டும் எண்டு சொன்னனான். கேட்டாத்தானே."

மைமூனாவுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் ஸுஹைர் போவதும் அதே பின்னேரம், அதே இரவு மெயில் ரயில். நாளைக் காலையில் புதிய பாராளுமன்றம் கூடுகிறது. எந்தக் கட்சிக்கும் ஆள் போதாத பாராளுமன்றம் அது. சபாநாயகரைத் தெரிவு செய்வதற்கே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். சுயேச்சை ஸுஹைருக்கு இரண்டு பக்கத்தில் இருந்தும் தந்தி வந்து குவிந்துவிட்டது. காலையில் போய்ச் சத்தியப்பிரமாணம் செய்யாவிட்டால் அவனுக்கு வாக்கு இல்லை. வென்றதில் அர்த்தமும் இல்லை.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். பழையவர் போயாயிற்று, புதியவர் இன்னும் சத்தியம் செய்யவில்லை. சரியாகப் பார்த்தால் அன்றைக்கு அந்தத் தொகுதிக்கு எம்.பி. என்று ஒருவருமே இல்லை. ஆனால் துறையடி வீதிக் கல்வீட்டின் முன் மண்டபத்தையும் அங்கே உட்காரப் போட்டிருந்த வாங்குகளையும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

வாங்கு நிறைய ஆட்கள். மகனுக்கு வேலை, மருமகனுக்கு இடமாற்றம், வயலுக்குத் தண்ணீர். தொழுகை முடிந்து வாழ்த்துச் சொல்ல வந்த சாட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் காதில் போட்டுவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும் வாங்கி வைப்பதற்கு வாசலிலேயே நின்றார் பக்கீர்.

இந்தப் பக்கீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். போன தேர்தல் வரைக்கும் இவர் ஹாஜியாரின் வலது கை. அவருடைய காரில் முன் சீட்டு இவருக்குத்தான். இந்தத் தரம் ஆள் திடீரென்று ஸுஹைரின் பக்கம் வந்தார். அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது என்றார். வரும்போது வெறுங்கையோடு வரவில்லை, ஒரு கதையும் கொண்டுவந்தார்.

கிண்ணியாத் துறையடியில் பாதை என்றால் மிதக்கும் பெரிய பலகைத்தட்டு. காரும் லொறியும் ஆட்களும் அதில் ஏறி நிற்க, கம்பிவடத்தைப் பிடித்து இழுத்துத்தான் அக்கரை சேர்ப்பார்கள். பாதை இழுக்கும் சாமித்தம்பியின் தங்கை தங்கமுத்து போன வருஷம் பிரசவ வலியோடு அந்தப் பாதையில் ஏறினாள். பாதி ஆறு தாண்டும்போது கரையில் ஹாஜியாரின் கார் வந்து ஹோன் அடித்தது. பாதை திரும்பி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. பெரியாஸ்பத்திரி போய்ச் சேரத் தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. பக்கீர் கொண்டுவந்த கதை இதுதான்.

ஸுஹைர் அதைக் கேட்டு இரவு முழுக்கத் தூங்கவில்லை. அடுத்த நாள் துறையடிக் கூட்டத்தில், நோன்பு திறந்த கையோடு, ஒலிபெருக்கியில் சொன்னான். "நான் வெண்டா எனக்காகப் பாதை திரும்பாது. அல்லாஹ் மேல ஆணையா, ஒங்களோட வரிசையிலதான் நிப்பன்." தொகுதியைத் திருப்பியது அந்த ஒரு சொல்தான்.

புறப்படும் நேரம் பக்கீர் மைமூனாவிடம் வந்து கையை நீட்டினார். எம்.பி. திரும்பும் வரைக்கும் வருகிற ஆட்களைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், முன் மண்டபச் சாவி தன்னிடம் இருக்கட்டும் என்றும் சொன்னார். ஸுஹைரும் தலையை ஆட்டினான். அவளும் கொழும்பு போகிறாள். கட்டிக்கொள்ளப் புதுச் சாரி, தங்குவதற்கு மருதானையில் அக்கா முறையான ராத்தா வீடு, பாராளுமன்றத்தில் மேலே மாடத்தில் இருந்து புருஷன் சத்தியம் செய்வதைப் பார்ப்பது. பிறந்ததில் இருந்து திருகோணமலையைத் தாண்டாத பெண். சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

பக்கீர் இரவல் வாங்கி மாலை போட்டு வைத்திருந்த ஒஸ்டின் கார் துறையடியில் போய் நின்றபோதுதான் விஷயம் விளங்கியது.

வரிசை பள்ளிவாசல் வளைவு வரைக்கும் நின்றது.

இதை யாரும் யோசிக்கவில்லை. பாதை இழுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் முஸ்லிம்கள். பெருநாளுக்கு அவர்களுக்கு லீவு. அவர்களுக்காகக் கிளிவெட்டிப் பக்கத்துத் தமிழ் ஆட்கள் வந்து இழுப்பார்கள், தைப்பொங்கலுக்கு இவர்கள் போய் அவர்களுக்காக இழுப்பார்கள். காலங்காலமாக உள்ள ஏற்பாடு. ஆனால் பெருநாளில் வேலைக்கு இருப்பது பாதி ஆள், ஊர் சுற்றப் புறப்படுவது முழு ஊர். கிண்ணியாவில் பிறந்த ஸுஹைருக்கு இது தெரியாதா? தெரியும். எம்.பி. ஆகிற அவசரத்தில் மறந்துபோயிற்று.

பாதை ஒரு தரம் போய் வரும் வேகத்தைப் பார்த்தாள் மைமூனா. தங்கள் கார் ஏறும்போது இருட்டிவிடும். அக்கரையில் இருந்து சீனன்குடா ஸ்டேஷனுக்கு ஓடுவதற்குள் மெயில் போய்விடும்.

"மச்சான், என்ன செய்யப்போறீங்க?"

ஸுஹைர் கழுத்து மாலையை மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது. வரிசையில் நின்றால் சத்தியப்பிரமாணம் போகும். வரிசையை மீறினால் சத்தியமே போகும். முன்னுக்கும் பின்னுக்கும் நின்ற வண்டிக்காரர்கள் எல்லாரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கேலியாக இல்லை, என்ன செய்கிறான் பார்ப்போம் என்று.

முன் சீட்டில் இருந்த பக்கீர் எப்போது இறங்கினார் என்று தெரியவில்லை. துறை முகப்பில் அவருடைய குரல் கேட்டது.

"எம்.பி. நிக்கிறார்! அந்தக் கறுத்தக் காரைப் பின்னுக்கு எடு! இறக்கு கீழ!"

கறுத்தக் கார் ஹாஜியாருடையது. வரிசையில் நின்று, முறை வந்து, அப்போதுதான் பாதையில் ஏறியிருந்தது. பத்து வருஷம் வரிசை என்றால் என்னவென்று அறியாத மனுஷன் அன்றைக்குத்தான் முதல் தரம் வரிசையில் நின்று ஏறியிருந்தார். அதைத்தான் பக்கீர் இறக்கச் சொன்னார்.

காருக்குள்ளே ஹாஜியார் நேரே பார்த்தபடி இருந்தார், கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற சாமித்தம்பி அசையவில்லை. வரிசை என்று சொன்னது எம்.பி.தானே, இறக்கச் சொல்வதையும் அவரே வந்து சொல்லட்டும் என்றுமட்டும் சொன்னான்.

ஸுஹைர் காரை விட்டு இறங்கி ஓடினான். மைமூனாவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். முகப்பில் நின்று அவன் மூச்சு வாங்கினான். பக்கீர் அவன் காதோடு எதையோ சொன்னார், நாடே விழுந்து போகும் என்கிற மாதிரி.

"பக்கீர் நானா, விடுங்க" என்றான் ஸுஹைர். எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னான். "ஏறின கார் ஏறினதுதான். மெயில் போனாப் போகட்டும்."

சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவன் கண் கலங்கியது மைமூனாவுக்கு மட்டும்தான் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் அவளுக்கு அவன்மேல் வந்த பாசத்தை எழுதி முடியாது. இந்த மனுஷனை நான் கொழும்பில் சேர்த்தே தீருவேன் என்று அவள் நினைத்தாள்.

அப்போது கையில் கோழியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு தோப்பூர் மனுஷி அவளை இடித்துக்கொண்டு பாதையில் ஏறினாள். அவளுக்குப் பின்னால் ஒரு குடும்பம், பலகாரப் பெட்டியோடு. வரிசை வாகனத்துக்குத்தான். நடந்து வருகிறவர்கள் இடம் இருக்கும் மட்டும் ஒருவருக்குப் பின் ஒருவராக ஏறுவார்கள். எத்தனையோ தரம் அப்படித்தான் அவளும் ஏறியிருக்கிறாள். காரில் வந்து இறங்கியவுடன் கால் இருப்பதே மறந்துபோய்விட்டது!

"மச்சான், வாங்க. நடந்து ஏறுவம்."

"ஏறி? அக்கரையில காருக்கு எங்க போறது? பெருநாளண்டு ஹயரிங் கார் ஒண்டும் நிக்காது."

"இந்தா ஒரு கார் நிக்குதே."

அவள் பார்த்த திசையைப் பார்த்து ஸுஹைர் திகைத்தான். எந்த முகத்தோடு அவரிடம் கேட்பது என்றான். உங்கள் முகம் வேண்டாம், என் முகம் போதும் என்றாள் அவள். கோழிக்காரிக்கும் பலகாரப் பெட்டிக் குடும்பத்துக்கும் பின்னால் போய் இரண்டு பேரும் நின்றார்கள். புதிய எம்.பி. கையில் ஒரு சின்னப் பையோடு கால்நடையாகப் பாதையில் ஏறினான். கரையில் யாரோ கை தட்டினார்கள். பக்கீர் தட்டவில்லை. மாலை போட்ட காரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதை நகர்ந்தது. வடம் கிறீச்சிட்டது. மைமூனா கறுத்தக் காரின் பக்கத்தில் போய் நின்று கண்ணாடியை விரலால் தட்டினாள். கண்ணாடி இறங்கியது. தேர்தலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மாமாவின் முகத்தை நேரே பார்த்தாள். ஆள் மெலிந்திருந்தார்.

"ஏறு மகள். ஒனக்கு எப்பவும் இடம் இரிக்கு" என்றார் ஹாஜியார்.

"நான் எனக்குக் கேக்கேல்ல, மாமா."

சற்றுத் தள்ளித் தண்ணீரைப் பார்த்து நின்ற ஸுஹைர் திரும்பவே இல்லை. வந்தாயிற்று, மைமூனா கேட்டே விட்டாள்.

"நாளைக்கு இவர் அங்க இல்லாட்டி அந்தக் கதிரை வெறுங்கதிரை. நீங்க இருந்த கதிரை, மாமா. நம்மட ஊருக்கு ஆளில்ல எண்டு அவங்க சொல்றத நீங்க கேட்டுக்கொண்டு இருப்பீங்களா?"

பாதை நடு ஆற்றைத் தாண்டும் வரைக்கும் ஹாஜியார் மேலும் கீழும் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவர் மறுபக்கம் எட்டி, பின் கதவைத் திறந்துவிட்டார்.

"மருமகன்" என்று கூப்பிட்டார். "காத்தில நிக்கிறீங்க. வந்து ஏறுங்க."

மருமகன் என்ற அந்தச் சொல்லைக் கேட்டு ஸுஹைர் உடைந்துபோனான். மைமூனாவோடு காருக்குள் ஏறி இருந்ததும், துறையடிக் கூட்டத்தில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். ஹாஜியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க சொன்னது சரிதான். பாதையைத் திருப்பினது என்ட கார்தான். ஆனா நான் அண்டைக்குக் கொழும்பில நிண்டனான்."

"அப்ப காருக்குள்ள ஆர், மாமா?" என்றாள் மைமூனா.

பாதையை நிறுத்த வடத்தை இறுக்கிக்கொண்டிருந்த சாமித்தம்பி, காரின் பக்கம் குனிந்து சொன்னான்.

"டிரைவரைத் தவிர ஒருத்தரும் இல்லை, பிள்ளை. வெறுங்கார். எம்.பி. அவசரம், திருப்பு எண்டு கத்திக்கொண்டு ஓடி வந்தது பக்கீர். கார் ஆருடைய கார் எண்டுதான் எல்லாரும் கேட்டவை. காருக்குள்ள ஆர் எண்டு ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல."

வெறுங்காருக்காகத் திரும்பிய பாதை! கொஞ்ச நேரத்துக்கு முன் கேட்ட பக்கீரின் குரல் மைமூனாவின் காதில் திரும்ப விழுந்தது. எம்.பி. நிக்கிறார், கீழ இறக்கு.

"ஏன் மாமா சொல்லாம விட்டீங்க? ஒலிபெருக்கியில ஒங்கட மானம் போகுதே!"

"என்ட ஆள் செய்தா நான் செய்த மாதிரித்தான். அவனை அந்த முன் சீட்டில இருத்தினது நான்தானே" என்றார் ஹாஜியார்.

அவள் திரும்பி, புறப்பட்டு வந்த கரையைப் பார்த்தாள். மாலை போட்ட ஒஸ்டின் வரிசையில் இருந்து வெளியே வந்திருந்தது. பக்கீர் அதில் ஏறிக்கொண்டிருந்தார். வழக்கமாக இருக்கிற முன் சீட்டில் இல்லை, ஸுஹைர் இருந்த பின் சீட்டில். கார் துறையடி வீதிப் பக்கம் திரும்பியது.

ஸுஹைரும் பார்த்துவிட்டான். "சாவி!" என்று கதவைத் திறக்கப் போனான். மைமூனா அவன் கையைப் பிடித்து இருத்திவிட்டு, தான் இறங்கினாள்.

"நீங்க போய்ச் சத்தியம் செய்யுங்க, மச்சான். நான் வீட்ட போறன்."

"நீ பாக்க வேணுமெண்டுதானே ஆசைப்பட்டனீ."

"ஆசைதான்" என்றாள். "கொழும்பு எங்கயும் ஓடிப்போகாது. அந்தாள் ஒங்கட பேரைச் சொல்லி ஒரு நாள் நடந்தாலும் நீங்க துறையடியில சொன்ன சொல்லு செத்துப்போகும்."

"அவரிட்டச் சாவி இரிக்கு, மைமூனா."

"சாவிதானே இரிக்கு. வீடு என்ட பேரில."

அந்தச் சீதன வீட்டு உறுதிப் பத்திரத்தில் ஒப்பம் வைத்த ஹாஜியார், தேர்தலுக்குப் பிறகு முதல் தரமாகச் சிரித்தார். பெருநாள் சாரிக்குச் சேறு படாமல் பார்த்துப் போ என்றார். கார் மேட்டில் ஏறிச் சீனன்குடாப் பக்கம் புழுதி கிளப்பிக்கொண்டு மறைந்தது. தோற்றவரும் வென்றவரும் ஒரே காரில் போவதைப் பார்த்து அக்கரைக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

திரும்பும் பாதையில் முதலில் ஏறச் சொல்லிச் சாமித்தம்பி அவளைக் கூப்பிட்டான். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, நின்றவர்களுக்குப் பின்னால் நின்றாள். முறை வந்தபோது ஏறினாள். நடு ஆற்றில் அந்தி மஃரிப் பாங்கு கேட்டது. புதுச் சாரி காற்றில் படபடத்தது. அழ நினைத்தால் அழலாம், இடம் இருந்தது. ஆனால் அவள் வீட்டில் என்ன சொல்லவேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கரையேறி வீதிக்கு வந்ததுமே தெரிந்தது. கல்வீட்டு முன் மண்டபத்தில் பெற்றோல்மக்ஸ் எரிந்தது. வாங்கு நிறைய ஆட்கள். நடுவில், ஸுஹைர் இருக்கும் சாய்வு நாற்காலியில், காலுக்குமேல் கால் போட்டுக்கொண்டு பக்கீர்.

வாசல் படலையடியில் நின்றபோதே குரல் தெளிவாகக் கேட்டது. "இண்டைக்குத் துறையடியில என்னை மதிக்கேல்ல, பாத்தீங்கதானே? அந்தச் சாமித்தம்பியை நாளைக்கே பாதை வேலையால தூக்கிறம். எம்.பி. என்னட்டச் சொல்லிப்போட்டுத்தான் போறார்."

வாங்கில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மைமூனா செருப்பைக் கழற்றி வைத்தாள். முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு படி ஏறினாள்.

"எந்த எம்.பி., பக்கீர் நானா?"

வாங்கில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பக்கீர் காலை இறக்கினார்.

"நாளைக்குச் சத்தியம் செய்யும் மட்டும் இந்தத் தொகுதிக்கு எம்.பி. இல்லை" என்றாள் மைமூனா, கையை நீட்டிக்கொண்டு. "என்ட வீட்டுச் சாவியைத் தாங்க. அந்த வெறுங்காரின்ட கதையை இவங்களுக்கு நான் சொல்லட்டா, நீங்களே சொல்றீங்களா?"